முதலில் தின்றவள்

பாப்பாவைச் சாப்பிடச் சொல்லலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதைத் தன் யோசனை என்று என் கணவர் பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. என் நாத்தனார். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அண்ணன் சிறுவயதில் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டிக்கொடுத்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தாள். குழந்தை இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பியதும் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். விதைச் சாக்குகள் கிடந்த பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். வந்த மறுநாளே எருவைக் கிளறினாள், தொட்டி கழுவினாள், சமையலில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு அதில் சௌகரியம்தான். ஆனால் அவள் உப்புப் போட்டால் எப்போதும் சரியாக இருக்கும். அது எனக்குப் பிடிக்காது.

என் கணவர் துறைமுக ஊரில் செடி வளர்த்து விற்பவர். இன்றைக்கு எல்லோரும் தக்காளி என்கிறார்களே, அதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு கப்பலில் சமையல் செய்தவன் ரோஜாச் செடி ஒன்றை வாங்கிக்கொண்டு, காகிதத்தில் மடித்த விதைகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று அதற்குக் கப்பல் பழம் என்று பெயர். யாரும் தின்னமாட்டார்கள். பெரிய வீடுகளில் வாசலில் தொட்டியாக வைத்து, சிவந்து தொங்குவதைப் பார்த்து ரசிப்பார்கள். மூன்று வருஷம் அந்த மோகம் இருந்தது. பிறகு எவரோ நீலப் பூ ஒன்றைக் கொண்டுவந்தார்கள், எல்லா வீடும் நீலத்துக்கு மாறிவிட்டது. எங்கள் தோட்டத்தில் நானூறு தொட்டிகளில் பழம் பழுத்து, விழுந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அந்தச் செடிகளை நம்பி அவர் வேறு எதையும் பயிர் வைத்திருக்கவில்லை.

"கப்பல்காரன் பொய் சொல்லமாட்டான்," என்றார் என் கணவர், கையில் ஒரு பழத்தை உருட்டிக்கொண்டே. "அவங்க ஊர்ல உப்பு தொட்டுத் தின்னுறாங்களாம். கொதிக்க வெச்சுக்கூடத் தின்னுறாங்களாம்."

"வைத்தியர் இது ஊமத்தைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்றாரே."

"அவர் எதைத்தான் விஷம் இல்லைன்னு சொல்லியிருக்காரு? யாராவது நாலு பேர் முன்னாடி தின்னு காட்டிட்டாப் போதும்."

"அப்போ நீங்களே தின்னு காட்டுங்க."

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் கதி என்ன?"

"சரி, நான் திங்கட்டுமா?"

"நல்லாருக்கே! பொண்டாட்டியக் கொல்லப் பாத்தான்னு ஊர் பேசும்."

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாப்பா தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "பாப்பா சும்மாதானே இருக்கா," என்றேன்.

அவள் சும்மா இல்லை. நான் அதைச் சொன்ன நேரத்தில் இருபது தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

மறுநாள் காலை அவர் தங்கையை உட்காரவைத்து, தேன் தடவின குரலில் விஷயத்தைச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பேரம் பேசினாள்.

"தின்னா எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும் சொல்லு."

"இந்த வீட்ல இடம் வேணும். போன்னு யாரும் எப்பவும் சொல்லக்கூடாது."

"இந்தப் பருவம் பூரா வாராவாரம் சந்தையில தின்னு காட்டு பாப்பா. சாகுற வரைக்கும் அந்த அறை உனக்குத்தான். சத்தியம்."

"சாகுற வரைக்கும்னா, அடுத்த வாரச் சந்தை வரைக்குமா அண்ணா?"

அவள் சிரித்தாள். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அந்த அறை காலியானால் விதைச் சாக்குகளைத் திரும்ப அங்கேயே வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் தோன்றியது.

முதலில் வீட்டிலேயே ஒரு பழத்தைத் தின்றாள். கடித்ததும் சாறு முழங்கை வரை வழிந்தது. நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணை மூடி மென்றாள், விழுங்கினாள், பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் உப்பு கொடுங்க அண்ணி," என்றாள். இரண்டாவது பழத்தை யாரும் கேட்காமலே எடுத்தாள். "புளிக்குது. ஆனா புளி மாதிரி இல்ல. இனிக்குது. ஆனா பழம் மாதிரியும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே!" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு ருசி அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சாகப்போகிறவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து.

மூன்று நாள் அவளைக் கவனித்தோம். நாக்கை நீட்டச் சொன்னோம், கண்ணை இழுத்துப் பார்த்தோம். காலையில் அவள் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று படுக்கையிலிருந்தபடியே காத்திருப்பேன். கதவு திறக்கும். எனக்குள் ஏதோ ஒன்று சப்பென்று ஆகிவிடும். அவள் சாக வேண்டும் என்று நான் விரும்பினேனா? இந்தக் கேள்வியை எத்தனையோ வருஷமாகச் சுற்றிச்சுற்றி வருகிறேன். விரும்பவில்லை, எதிர்பார்த்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் எதிர்பார்த்தது நடக்காதபோது வருகிற ஏமாற்றம் இருக்கிறதே, அதற்கும் விருப்பத்துக்கும் ஒரே முகம்தான்.

சந்தையில் கயிற்றுக் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவே அவர் ஒரு பலகை மேடை போட்டார். பாப்பா முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கூடை, பக்கத்தில் உப்புக் கிண்ணம். வைத்தியர் கையில் கடிகாரத்தோடு வந்து முன்வரிசையில் நின்றார்.

"கேளுங்க!" என்று என் கணவர் ஆரம்பித்தார். கப்பல்காரன் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "கடலுக்கு அந்தப்பக்கம் மலைச்சரிவுல, கோலிக்குண்டு அளவுக்கு, காட்டுச்செடியா காச்சுக் கெடந்த பழம் இது! அங்க ஜனங்க வீட்டுப் பக்கத்துல நட்டுத் தின்னு, பெருசாக்கினாங்க. அப்பறம் கப்பலேறிச்சு. ஒரு நாட்டுல ராஜா தோட்டத்துல பூவோட பூவா வெச்சு அழகு பாத்தாங்க. ஒரு நாட்டுல மோந்து பாத்தாலே பைத்தியம் பிடிக்கும்னாங்க. இன்னொரு நாட்டுல பெரிய மனுஷன் தொடல, வயல்ல வேலை செய்றவன் பசி தாங்காம தின்னான். மறுநாள் வேலைக்கு வந்தான்! அதுக்கப்பறம்தான் பெரிய மனுஷன் அடுப்புக்கே போச்சு!"

"அப்ப அந்த நாட்டுக்கே போய் வித்துக்கோ!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

பாப்பா ஒரு பழத்தைக் கடித்தாள். சந்தை இரைச்சல் அடங்கிவிட்டது. மீன் நறுக்கும் சத்தம்கூட நின்றது. கையில் காய்கறிப் பையோடு, வாயைப் பிளந்துகொண்டு, இருநூறு பேர் ஒரு பெண் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை.

"ஏம்மா, ரெண்டு பழம் மிச்சம் வெய்யி!" என்றாள் மீன்காரி. "என் மாமியாருக்குக் கொண்டுபோறேன்!"

சிரிப்பு கிளம்பியது. பாப்பாவும் சிரித்தாள். ஐந்து பழம் தின்று, எழுந்து, தன் காலால் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ஒரு பழமும் விற்கவில்லை.

அடுத்த வாரம் ஆறு பழம். அதற்கடுத்த வாரம் எட்டு. கூட்டம் வந்தது, பார்த்தது, கலைந்தது. "இன்னிக்கும் சாகலியா?" என்று கேட்டுக்கொண்டே வருபவர்கள் இருந்தார்கள். வைத்தியர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போடும்போது அவர் முகத்திலும் அந்தச் சப்பென்று ஆவது தெரியும். ஆறாவது வாரம் மீன்காரிதான் அதைச் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துச் சொன்னாள்.

"பழத்துல விஷம் இல்லைன்னு யார் சொன்னா? இத்தனை வாரத்து விஷமும் எங்க போச்சு? அவ உடம்புக்குள்ளதான் சேந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா தின்னு பழகிட்டா. இனி பாம்பு அவளைக் கடிச்சா பாம்புதான் சாகும்."

வைத்தியர் மோவாயைத் தடவிக்கொண்டு, அப்படியும் உண்டு என்றார்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அவளைக் கடித்த கொசு செத்து விழுகிறதாம். அவள் துப்பின இடத்தில் புல் முளைக்கவில்லையாம். என் கணவருக்குத் தலை சுற்றியது. அவள் செத்திருந்தால் பழம் விஷம். சாகாமல் இருந்தால் அவளே விஷம், அதைச் செய்தது பழம். எப்படிப் போனாலும் நானூறு தொட்டியும் அழுகும்.

ஏழாவது வாரம் மேடைக்கு முன்னால் வெயிலில் ஒரு மூட்டை தூக்குகிற கிழவர் மயங்கி விழுந்தார். பாப்பா முக்காலியை விட்டு இறங்கி, குடத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு, அவர் வாயருகே கொண்டுபோனாள். கிழவரின் மகள் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். "அப்பாவைத் தொடாத! விஷக்காரி!" பாத்திரம் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். தினம் என் சமையலறையில் அவள் கையால்தான் நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் குனிந்து பாத்திரத்தை எடுப்பதுபோல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன்.

"தண்ணி வீணாப்போச்சு அண்ணி," என்றாள், வீட்டுக்கு நடக்கும்போது.

அன்றிலிருந்து அவளைச் சமைக்க விடவில்லை. "வெளியில பேசுறாங்க பாப்பா. வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

எட்டாவது வாரம் கூட்டத்திலிருந்து குரல் வந்தது. "தங்கச்சியத் தின்ன வெச்சே! பொண்டாட்டியத் தின்ன வை, பாப்போம்!" எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பொண்டாட்டி, பொண்டாட்டி என்று கைதட்டிக் கத்தினார்கள். என் கணவர் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். வீட்டுக்கு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது, எட்டு வாரம் முன்பு நான் ஜன்னலைப் பார்த்த மாதிரிதான் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லமுடியாது. ஐம்பது பழங்களுக்கு மேல் பாப்பா தின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. எல்லாம் தெரியும். ஆனால் கண் பார்த்ததை வயிறு நம்பவில்லை. அவள் வேறு, நான் வேறு என்றது.

சந்தைக்கு முந்தின மாலை பாப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே கூடையில் தேடி ஒரு பழம் எடுத்தாள்.

"இந்த மாதிரி பாத்து எடுங்க அண்ணி. காம்புக்கிட்ட பச்சை இருந்தா வேணாம், தொண்டையில பிடிக்கும். லேசா அமுங்கணும். ரொம்ப அமுங்கினா மேலெல்லாம் வழியும், சிரிப்பாங்க."

"ம்."

"கடிக்கிறப்ப கண்ண மூடாதீங்க. நான் மொதல்ல மூடிட்டேன். பயந்துட்டான்னு கத்துவாங்க. உப்ப முதல் வாய்க்குப் போட்டுக்காதீங்க, ரெண்டாவதுக்குப் போட்டுக்கோங்க. அப்பதான் ருசி தெரியும்." பிறகு என் கையைப் பிடித்தாள். "ஒண்ணும் ஆகாது அண்ணி. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"நீ வரவேணாம்," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் அவள் சொன்னபடியே செய்தேன். கண்ணை மூடவில்லை. இரண்டாவது வாய்க்கு உப்புத் தொட்டேன். நாக்கில் அந்தச் சாறு பட்டதும், அவள் முதல் நாள் வார்த்தை கிடைக்காமல் தவித்தது எதற்கு என்று புரிந்தது. அப்படி ஒரு ருசி. அதை அனுபவிக்க எனக்கு நேரமில்லை. நான் சாகாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தேன். மூன்று பழம் தின்று நிமிர்ந்தேன். கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. மீன்காரி தன் செதில் ஒட்டின கையை நீட்டி, கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, மீனை முகர்வதுபோல் முகர்ந்து, கடித்தாள்.

"இதுக்கா இத்தனை ஆட்டம்?" என்றாள். "உப்பு பத்தலை."

வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி வாங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோன எட்டுக் கூடையும் காலி.

மழைக்காலம் தொடங்குமுன் ஊரில் அதை வெங்காயத்தோடு வதக்காத அடுப்பு இல்லை. மீன் வாங்க வருபவர்களிடம் மீன்காரியே இரண்டு பழம் சேர்த்துக் கொதிக்கவிடச் சொன்னாள். வைத்தியர் இரத்தத்துக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்தார். தெருவில் என்னைப் பார்த்து, "கப்பல் பழத்தை முதன்முதல்ல தின்ன அம்மா இவங்கதான்," என்று குழந்தைகளுக்குக் காட்டினார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று பெண்கள் கேட்பார்கள். "காம்புக்கிட்ட பச்சை இருந்தா வேணாம். லேசா அமுங்கணும்," என்பேன். முதல் நாள் சொல்லும்போது பாப்பா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். பத்தாவது நாள் பார்க்கவில்லை. நானே கண்டுபிடித்ததுபோல் சொன்னேன். சொல்லச் சொல்ல, நானே கண்டுபிடித்ததாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு தொல்லை மிச்சமிருந்தது. "அந்த விஷக்காரி இன்னும் உங்க வீட்லதான் இருக்காளா?" என்று கேட்டார்கள். "அவ கைபட்டுப் பறிச்சதா இது?" பெரிய வீடு ஒன்றிலிருந்து இரண்டு கூடை திரும்பி வந்தது. பழம் சுத்தமாகிவிட்டது. அதிலிருந்து கழுவி எடுத்த அழுக்கெல்லாம் அவள்மேல் போய்ப் படிந்துவிட்டது.

"நான் எப்படிச் சொல்றது?" என்றார் என் கணவர். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்கதானே பண்ணீங்க? நான் பண்ணலையே," என்றேன்.

துறைமுகத்துக்கு அப்பால், கப்பலில் காய்ச்சலோடு வருபவர்களை இறக்கி வைக்கும் நீளமான கட்டடம் ஒன்று உண்டு. அங்கே படுக்கை மாற்றவும் தரை கழுவவும் பெண்கள் நிலைப்பதில்லை. அதற்கு முன் இருந்த இருவரும் அங்கேயே செத்தார்கள். என் கணவர் அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தார். தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு என்றார். "விஷத்துக்கே ஒண்ணும் ஆகாதவ. காய்ச்சல் அவளை என்ன பண்ணிடப்போகுது?" என்றார். மீன்காரியின் அந்தப் பேச்சால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இப்போது அதை நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அவர் தோட்டத்துக்குப் போனபிறகு, காலை வேளையில், பின்னறை வாசலில் நின்று நானே சொன்னேன். பாப்பா விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பருவத்துக்கான விதை.

"நான் ஏதாவது தப்பாத் தின்னுட்டேனா அண்ணி?"

"உன்மேல தப்பு இல்ல பாப்பா. ஜனங்க பேசுறாங்க."

"நீங்க என்ன பேசுறீங்க?"

நான் சாம்பலில் கிடந்த விதைகளைப் பார்த்தேன்.

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"அவர்தான் இடம் பாத்துட்டு வந்தாரு."

அவள் மிச்ச விதைகளையும் சாம்பலில் புரட்டி முடித்தாள். கத்துவாள், சத்தியத்தை எடுத்துச் சொல்லுவாள், காலைப் பிடிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்து கையைக் கழுவினாள். வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டியில் துணிகளை அடுக்கினாள். பிறகு சமையலறைக்கு வந்தாள். நான் அவளைச் சமைக்க விடாமல் நிறுத்திவைத்த பிறகு அவள் அங்கே காலடி வைத்தது அன்றுதான். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, பலகைமேல் வைத்து, கத்தியால் இரண்டாக நறுக்கினாள். ஒரு பாதியில் உப்பைத் தூவி என்னிடம் நீட்டினாள்.

"இதை மட்டும் தின்னுடுங்க அண்ணி. நான் போயிடுறேன்."

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. ஊரே பார்க்க அந்தப் பழத்தைத் தின்றவள் நான். அன்று காலைகூட ஒன்று தின்றிருந்தேன். இரண்டு பாதியும் ஒரே பழம். அவளுடைய விரல்கள் சுத்தமாக இருந்தன. நகத்தோரம் மட்டும் கொஞ்சம் சாம்பல். அந்த விரல்களில் வழிந்த சாற்றைப் பார்த்தேன். கையைத் தூக்கு என்று எனக்கு நானே சொன்னேன். கை எழவில்லை. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன் என்று நினைக்கிறேன். என் முதுகில் சுவர் பட்டது.

அவள் அதைப் பார்த்தாள். சந்தையில் என்னென்னவோ கேட்டும் மாறாத அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"நீங்களுமா நம்பிட்டீங்க?" என்றாள்.

என் பங்கையும் அவளே தின்றாள். நிதானமாக, தோலைக்கூட விடாமல். வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். நாற்றங்கால் வழியாக நடந்து, படலைச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்றாவது மாதம் அந்தக் கட்டடத்திலிருந்து ஆள் சந்தைக்கே வந்து என்னிடம் சொன்னான். காய்ச்சலாம். எல்லோருக்கும் வருவதுபோல் வந்து, எல்லோருக்கும் ஆவதுபோல் ஏழாம் நாள் முடிந்துவிட்டதாம். கேட்டுக்கொண்டிருந்த மீன்காரி, "அப்போ அவ உடம்புல விஷமே இல்லியா?" என்றாள். அவள் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பிறகு என் கூடையிலிருந்து நல்லதாக நாலு பழம் பொறுக்கிக்கொண்டு போனாள்.